முதல் வண்டி எது? மொபிலெத்திலிருந்து புல்லட் வரை

சென்ற மாதம் என் பேத்திக்கு மேலூரில் ஒரு வங்கிக் கிளையில் வேலை கிடைத்தது. வீடு தல்லாகுளத்தில். ஒத்தக்கடை, யானைமலை தாண்டி நாற்கரச் சாலையில் போய் வர நாளொன்றுக்கு 60 கிலோமீட்டர் வரும். "பஸ்ஸெல்லாம் சரிப்படாது தாத்தா. பைக் வாங்கப் போறேன். வாங்கினா புல்லட்தான்" என்றாள். சைக்கிளைத் தவிர வேறு எதையும் ஓட்டிப் பழகாத பெண். அவள் அப்பா, அதாவது என் மகன், "ஸ்கூட்டி போதும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டான். பிறகு இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ரெண்டு நாள் டைம் கொடு, எழுதித் தர்றேன்" என்றேன். அலுவலகத்தில் முப்பது வருஷம் கோப்பு எழுதிய பழக்கம் போகுமா? எழுத உட்கார்ந்தால் அது ஐம்பது, அறுபது வருடக் கதையாக நீண்டுவிட்டது. நண்பர்களும் படிக்கட்டும் என்று இங்கே போடுகிறேன். இதில் இதுவரை வீட்டில் சொல்லாத ஒரு விஷயமும் இருக்கிறது.

நான் புதுச்சேரியில் பிறந்து பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். மதுரைக்கு வந்து தமிழ்நாட்டு அரசில் குமாஸ்தா ஆனது தனிக்கதை. என் சிறு வயதில் புதுச்சேரித் தெருக்களில் மோட்டார் வைத்த சைக்கிள்கள் சில ஓடிக்கொண்டிருந்தன. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு வந்தவர்களை எங்கள் ஊரில் 'சொல்தா' என்பார்கள். எங்கள் தெரு சொல்தா தாத்தா ஒருவரிடம் வெலோசொலெக்ஸ் இருந்தது. பார்க்க சைக்கிள்தான். முன் சக்கரத்துக்கு மேலே சின்னதாக ஒரு எஞ்சின் உட்கார்ந்திருக்கும். ஒரு நெம்புகோலைத் தள்ளினால் எஞ்சினின் உருளை டயர் மேல் பதியும், வண்டி தானாக ஓடும். கியர் கிடையாது. நிறுத்த வேண்டுமானால் சைக்கிள் பிரேக். நான் வாழ்க்கையில் முதலில் ஏறிய மோட்டார் வண்டி அதுதான். வயது 13. தெருக்கோடி வரை போய்த் திரும்பினேன். விழவில்லை. விழுவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

இன்னொன்று மொபிலெத். பிரான்சில் மோத்தோபெக்கான் நிறுவனம் 1949-இல் கொண்டுவந்தது. ஒரு கோடிக்கும் மேல் விற்றது. அங்கே எல்லா மொபெட்டுக்கும் அதுவே பெயராகிவிட்டது, நாம் எந்த நகலையும் 'ஜெராக்ஸ்' என்பதுபோல. அந்தக் காலத்து பிரான்சில் 14 வயது நிரம்பினால் 50 சிசிக்கு உட்பட்ட மொபெட்டை லைசென்ஸ் இல்லாமலே ஓட்டலாம். பிறகு வயது ஏற ஏற அடுத்த படி. ஏணிபோல ஒரு முறை. அப்போது எனக்கு அதன் அருமை தெரியவில்லை.

1970-களின் தொடக்கத்தில் நான் மதுரைக்கு வந்தபோது இங்கே ஏணியெல்லாம் இல்லை. கடையில் எது கிடைக்கிறதோ அதுதான் முதல் வண்டி. என்னென்ன இருந்தன என்று சொல்கிறேன்.

முதலில் புல்லட். நாட்டு எல்லையில் ரோந்து போக ராணுவத்துக்கு நல்ல மோட்டார் சைக்கிள் தேவைப்பட்டது. அதற்காகத்தான் 350 சிசி புல்லட் இந்தியாவுக்கு வந்தது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ரெடிச் ஊரிலிருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை. இங்கிலாந்தில் மூல நிறுவனம் மூடப்பட்ட பிறகும் நம் ஊரில் அந்த வண்டி நிற்கவில்லை. ஆக, புதிதாக ஓட்டுகிறவனை மனதில் வைத்து உண்டான வண்டி அல்ல அது. பயிற்சி பெற்ற சிப்பாய்க்கும் போலீஸ்காரருக்கும் ஏற்றது. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். உதைத்துக் கிளப்பவே தனிப் பயிற்சி வேண்டும். அம்மீட்டர் முள்ளைப் பார்த்து, டீகம்ப்ரஷன் லீவரை அழுத்தி, சரியான இடத்தில் பிஸ்டனை நிறுத்திவிட்டு உதைக்க வேண்டும். தவறினால் கிக்கர் திரும்பிக் கணுக்காலைப் பதம் பார்க்கும்.

அடுத்தது ஜாவா. செக் நாட்டு வடிவமைப்பு. மைசூரில் ஐடியல் ஜாவா நிறுவனம் 1960-களின் தொடக்கத்திலிருந்து செய்தது. 250 சிசி, இரட்டைச் சைலன்சர். பிற்பாடு அதுவே எஸ்டி என்று பெயர் மாறியது. மூன்றாவது ராஜ்தூத். போலந்து நாட்டு வண்டியை வைத்து எஸ்கார்ட்ஸ் நிறுவனம் செய்தது. 175 சிசி. பால் வியாபாரிகளுக்கும் கிராமத்துப் பெரிய வீட்டுக்காரர்களுக்கும் பிடித்த வண்டி.

இவை தவிர ஸ்கூட்டர். 1972-இல் பஜாஜ் சேட்டக் வந்தது. ஆனால் பணம் கையில் இருந்தாலும் வண்டி கிடைக்காது. பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அரசாங்க லைசென்ஸ் முறையில் ஒரு தொழிற்சாலை இத்தனைதான் செய்யலாம் என்று உச்சவரம்பு இருந்த காலம். அந்நியச் செலாவணியில் பணம் கட்டினால் சீக்கிரம் கிடைக்கும். எனவே வெளிநாட்டில் அண்ணன், மச்சான் உள்ளவர்கள் கொடுத்து வைத்தவர்கள். கல்யாணப் பேச்சில் சேட்டக் பதிவுச் சீட்டே ஒரு சீர்வரிசையாக இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

கடைசியில் மொபெட். என் பழைய நண்பன் மொபிலெத் வேறு பெயரில் இங்கே வந்திருந்தான். மோத்தோபெக்கான் உரிமத்தில் திருப்பதியில் செய்யப்பட்ட சுவேகாதான் அது. வடக்கேயிருந்து 1972 முதல் லூனா வந்தது. மதுரையில் வாத்தியார்கள், எல்.ஐ.சி. ஏஜெண்டுகள், கணக்குப்பிள்ளைகள் எல்லாம் சுவேகாவில் போனார்கள். நான் மட்டும் அதை வாங்கவில்லை. சிறு வயதிலேயே ஓட்டிவிட்டோமே, இன்னுமா அதையே ஓட்டுவது என்கிற கர்வம். உண்மையில் சொலெக்ஸில் தெருக்கோடி வரை போனதைத் தவிர எனக்கு ஒரு அனுபவமும் கிடையாது.

இனி வீட்டில் சொல்லாத விஷயம்.

1978-இல் உடன் வேலை பார்த்த ஒருவருக்கு வெளி மாவட்டத்துக்கு மாறுதல் வந்தது. தன் பெரிய மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டுப் போக நினைத்தார். எந்த வண்டி என்று சொல்லப் போவதில்லை, ஏனென்றால் குற்றம் வண்டியுடையது அல்ல. நான் அப்போது 55 கிலோ. வண்டி என்னைப்போல் மூன்று மடங்கு. லைசென்ஸ் கைக்கு வந்து பதினைந்து நாள்தான் ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு அழகர்கோவில் போனேன். போகும்போது ஒன்றும் ஆகவில்லை. நேர்ச் சாலையில் எந்த வண்டியும் நன்றாகத்தான் ஓடும்.

திரும்பும் வழியில், கள்ளந்திரி அருகே வந்தபோது, "ஏங்க, பையைப் பூக்கடையிலேயே வச்சுட்டேன்" என்றாள். வண்டியைத் திருப்ப வேண்டும். அப்போது அது ஒடுக்கமான சாலை, ஓரத்தில் சரளை மண், அதற்கப்பால் வயல் சரிவு. ஹேண்டில்பாரை முழுக்க ஒடித்துக்கொண்டு, நடக்கிற வேகத்தில்தான் திருப்பினேன். பாதி திரும்பியதும் பயந்து முன் பிரேக்கைப் பிடித்துவிட்டேன். வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. காலை ஊன்றினேன். கால் வைத்த இடம் தரையிலிருந்து நாலு விரற்கடை பள்ளம். அவ்வளவுதான். சேலை கட்டியவர்கள் இடப்பக்கமாக ஒருக்களித்துத்தானே உட்காருவார்கள்? அவள் கையை ஊன்றியபடி கீழே விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது.

என்னால் வண்டியைத் தூக்கி நிறுத்த முடியவில்லை. இரண்டு தடவை முயன்றேன். வயலில் இருந்து இரண்டு பேர் ஓடி வந்து தூக்கினார்கள். அதில் பெரியவர், "தூக்க முடியாத வண்டிய ஏந்தம்பி எடுத்துட்டு வந்தீக?" என்றார். திட்டவில்லை, நிஜமாகவே கேட்டார்.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டார்கள். எலும்பு கூடியது. ஆனால் அந்தக் கை முழுதாகத் திரும்புவதில்லை. எங்கள் வீட்டில் இடியாப்ப உரலைத் திருகுவது இன்றுவரை நான்தான். மாமனார் வீட்டில் கேட்டபோது, "ஒரு நாய் குறுக்கே வந்துவிட்டது" என்று சொன்னேன். அலுவலகத்திலும் அதையே சொன்னேன். பிறகு பிள்ளைகளுக்கும் சொன்னேன். பேத்திக்கும் அந்த நாய்க் கதை தெரியும், அது என்ன நிறம் என்பது உட்பட. நாய் எதுவும் வரவில்லை. மூன்றே மாதத்தில் வண்டியை விற்றேன். மைலேஜ் போதவில்லை என்று காரணம் சொன்னேன்.

அதற்கப்புறம் நாலு வருஷம் டவுன் பஸ்தான்.

இந்த இடத்தில் மதுரைக்காரர்கள் பெருமைப்படக்கூடிய ஒரு விஷயம் வருகிறது. திருக்குறுங்குடியைச் சேர்ந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1910-களில் மதுரையை மையமாக வைத்துப் பஸ் தொழிலைத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது கரிவாயுவில் வண்டியை ஓட்டும் கருவியைச் செய்து விற்ற நிறுவனம் அவருடையது. அந்தக் குடும்பத்து நிறுவனமான சுந்தரம் கிளேட்டன் 1980-இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50-ஐ வெளியிட்டது. இரண்டு பேர் உட்காரக்கூடிய முதல் இந்திய மொபெட் அது.

அதன் அருமை ஊரைப் பார்த்தால்தான் புரியும். மதுரையைச் சுற்றி மேலூர், வாடிப்பட்டி, சோழவந்தான், திருமங்கலம் எல்லாம் பெரும்பாலும் சமவெளி. மலை ஏற வேண்டிய பலம் தேவையில்லை. ஆனால் மூட்டை ஏற்ற வேண்டும், வரப்போரம் போக வேண்டும், சகதியில் சிக்கினால் ஒரு ஆள் தூக்கி வெளியே வைக்க வேண்டும். முன்னால் கால் வைக்கும் இடத்தில் நெல் மூட்டை, பின்னால் பால் கேன், ஹேண்டில்பாரில் பூக்கூடை என்று ஒரு குட்டி லாரியாகவே அதை ஆக்கிவிட்டார்கள். விடியற்காலை பூச்சந்தைப் பக்கம் போய்ப் பாருங்கள், இப்போதும் அதன் பேரன்களான எக்ஸ்.எல். வண்டிகள்தான் மல்லிகைப்பூவைச் சுமந்து வரும்.

1982-இல் வாகன முன்பணம் வாங்கி, சம்பளத்தில் மாதத் தவணை பிடிக்கச் சொல்லி, நானும் ஒரு டி.வி.எஸ். 50 வாங்கினேன். மனைவி ஏறவில்லை. அடுத்த பொங்கலுக்குத்தான் ஏறினாள். அதுவும் கிளம்பும் முன் வண்டியின் பின்புறத்தை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, "ம், போலாம்" என்றாள். என் முதல் வண்டி எது என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும். முன்னால் வந்தது என் கர்வம்.

1980-களின் தொடக்கத்தில் அரசாங்கம் 100 சிசி வரையிலான இருசக்கர வண்டிகளுக்கு வெளிநாட்டு நிறுவனங்களோடு கூட்டுச் சேர அனுமதி கொடுத்தது. வரிசையாக ஜப்பான்காரர்கள் வந்தார்கள். 1984-இல் இண்ட்-சுசுகி ஏ.எக்ஸ். 100. 1985-இல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100, அதே ஆண்டில் யமஹா ஆர்.எக்ஸ். 100. அடுத்து கவாசாகி பஜாஜ் கே.பி. 100. பெட்ரோல் சிக்கனத்துக்காகவும் அந்நியச் செலாவணிக்காகவும் வைத்த வரம்பு அது. ஆனால் அதில் தற்செயலாக ஒரு நன்மை விளைந்தது. ஒரு தலைமுறை முழுவதும் நூறு கிலோவை ஒட்டிய எடையுள்ள வண்டிகளில் ஓட்டப் பழகியது. யாரும் திட்டமிடாமல் நமக்கும் ஏணியின் முதல் படி கிடைத்தது.

அவற்றுள்ளும் வித்தியாசம் உண்டு. சி.டி. 100 ஃபோர் ஸ்ட்ரோக். ஆயில் கலந்த பெட்ரோல் வேண்டாம், பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்க்க வேண்டாம், முறுக்கினால் பதமாகத்தான் வேகம் எடுக்கும். ஆர்.எக்ஸ். 100 டூ ஸ்ட்ரோக். ஏறக்குறைய அதே சிசி, ஆனால் 11 குதிரைத்திறன், எடை குறைவு. முறுக்கியதும் பாயும். இளவட்டங்களுக்கு அதன் மேல் ஒரு பித்து. 1996 வரை வந்தது, இன்றும் பழைய வண்டிக்கு நல்ல விலை இருக்கிறது. சிசி ஒன்றாக இருந்தாலும் இரண்டும் ஒன்றல்ல என்பதற்காகச் சொல்கிறேன். எண்ணைப் பார்த்து வண்டி வாங்கக் கூடாது.

சரி, இன்று? வண்டிக்குப் பஞ்சமில்லை. கடனுக்கும் பஞ்சமில்லை. அன்று பற்றாக்குறை நமக்காகத் தேர்ந்தெடுத்தது. இன்று விளம்பரம் தேர்ந்தெடுக்கிறது. சட்டமாவது கை கொடுக்கிறதா என்றால், அரைகுறையாகத்தான். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி 16 வயதில் 50 சிசி வரை கியர் இல்லாத வண்டி, 18 வயதில் கியர் வண்டி. அதோடு ஏணி முடிந்துவிடுகிறது. ஆர்.டி.ஓ. மைதானத்தில் 100 சிசி வண்டியில் எட்டுப் போட்டுக் காட்டியவர் மறுநாளே 650 சிசி வண்டியை எடுத்துக்கொண்டு போகலாம். ஐரோப்பாவில் அப்படி இல்லை. பிரான்சில் 16 வயதில் 125 சிசி, 18-இல் 35 கிலோவாட் சக்திக்கு உட்பட்ட வண்டி. எந்த வயதுக்காரரும் இரண்டு வருஷம் அதை ஓட்டிய பிறகே பெரிய வண்டி. 2016 முதல் அங்கே இதுதான் முறை. நம் சட்டத்தில் இல்லாத படிகளை நம் வீட்டில்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

என் பேத்திக்கு நான் எழுதிக் கொடுத்தது இதுதான்:

முதலாவது, எடை. இன்றைய கிளாசிக் 350 வண்டி 195 கிலோ. ஸ்ப்ளெண்டர் 112 கிலோ. இந்த 83 கிலோ வித்தியாசம் ஓடும்போது தெரியாது. நிறுத்தும்போதும், திருப்பும்போதும், ஸ்டாண்டு போடும்போதும் தெரியும். புதியவர்கள் பலர் விழுவது வேகத்தில் அல்ல, நடை வேகத்தில். கடையில் வண்டியைக் கிளப்பிப் பார்க்கும் முன் எஞ்சினை அணைத்துவிட்டுப் பத்தடி பின்னால் தள்ளிப் பார். ஒரு பக்கம் சாய்த்து நிமிர்த்திப் பார். கள்ளந்திரிப் பெரியவர் கேட்ட கேள்விதான் முதல் பரீட்சை.

இரண்டாவது, கால். உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும். நுனிக்கால் போதாது. நம் சாலை ஓரத்தில் தரை எங்கே பள்ளமாகும் என்று யாருக்கும் தெரியாது.

மூன்றாவது, பிரேக். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம். அதற்குக் கீழே இரண்டு சக்கரமும் சேர்ந்து பிடிக்கும் சி.பி.எஸ். ஆவது இருக்க வேண்டும். பழைய வண்டி வாங்கினால் இதைப் பார்த்து வாங்கு. முன் பிரேக்குக்குப் பயப்படாதே, நிறுத்தும் பலம் பெரும்பாலும் அதில்தான். ஆனால் ஹேண்டில்பார் ஒடிந்திருக்கும்போதும், மணலிலும் அதைத் தொடாதே. ஏன் என்று எனக்குத் தெரியும்.

நான்காவது, நம் ஊர்ச் சாலை. அறுவடைக் காலத்தில் சாலையில் நெல்லும் வைக்கோலும் காய்வார்கள். அதன் மேல் பிரேக் பிடித்தால் சோப்பு மேல் நிற்கிற மாதிரி. வெள்ளைக் கோடு போடாத வேகத்தடைகள் வேறு. நாற்கரச் சாலையில் எதிர்த்திசையில் டிராக்டர் வரும், ஆடு குறுக்கே வரும். சில சமயம் உண்மையிலேயே நாயும் வரும்.

ஐந்தாவது, ஹெல்மெட். வண்டி விலையைப் பேசும் நாளிலேயே அதையும் வாங்கு. 2015-இல் உயர் நீதிமன்றம் சொல்லித்தான் நம் ஊரில் பலர் தலையில் அது ஏறியது. கன்னத்தையும் மூடுகிற முழு ஹெல்மெட், தாடைப் பட்டையைப் பூட்டி. தொட்டியில் தொங்கவிட அல்ல.

ஆறாவது, மெக்கானிக். வழியில் நின்றுபோனால் ஒத்தக்கடையிலும் மேலூரிலும் எந்தச் சின்னப் பட்டறையிலும் அந்த வண்டியைப் பிரித்துப் பூட்டத் தெரிந்திருக்க வேண்டும், உதிரிப் பாகம் கிடைக்க வேண்டும்.

இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் விடை 100-இலிருந்து 125 சிசிக்குள், முடிந்தால் ஒரு கை ஓடிய வண்டி. முதல் கீறல் விழும்போது மனசு வலிக்காமல் இருக்க. அப்பா சொல்லும் ஸ்கூட்டியும் தப்பில்லை, ஆனால் நாற்கரச் சாலையில் தினமும் 60 கிலோமீட்டருக்குப் பெரிய சக்கரம் நிலையாக இருக்கும். மேலும், கியர் பழக வேண்டும் என்பது உன் ஆசை. அந்த ஆசையில் குற்றமில்லை. ஒரு வருஷம், ஒரு அறுவடை, ஒரு மழைக்காலம் ஓட்டு. பிறகு புல்லட் வாங்கு. அப்போதும் இதே பரீட்சைதான்.

எழுதி முடித்ததும் பேத்திக்குக் கொடுக்கும் முன் மனைவியிடம் படித்துக் காட்டினேன். நாய் விஷயத்தைப் படிக்கும்போது நிமிர்ந்து பார்க்கவில்லை. முழுவதும் கேட்டுவிட்டு, "நாய் வரலைன்னு எனக்கு அன்னைக்கே தெரியுமே. நான் பின்னாலதானே உக்காந்திருந்தேன்" என்றாள். நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்களா சொல்வீங்கன்னு பாத்தேன்" என்றாள்.

போன ஞாயிற்றுக்கிழமை பேத்தி, மகன், நான் மூவரும் ஒரு பழைய 125 சிசி வண்டியைப் பார்க்கப் போனோம். விற்கிறவர் மைலேஜ் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். அவள் அதைக் காதில் வாங்காமல் எஞ்சினை அணைத்தாள், பத்தடி பின்னால் தள்ளினாள், இடப்பக்கம் சாய்த்து நிமிர்த்தினாள். பிறகு என்னைப் பார்த்து, "ம், போலாம்" என்றாள்.